17 சுற்று ஓடினால் கோப்பை யாருக்கு? - மதுரையின் விடியற்காலை ஓட்டக்காரர்களைத் தேடி ஒரு பயணம்

மதுரையில் ஓட வேண்டுமென்றால் முதலில் வெயிலோடு போட்டி போட வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்கே தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். அதனால் இந்த ஊரின் ஓட்டக்காரர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நாலரை மணிக்கு அலாரம் வைக்க வேண்டும். ஏழு மணிக்கு வந்தால் பருத்திப்பால் குடித்துக்கொண்டிருக்கும் முன்னாள் ஓட்டக்காரர்களைத்தான் பார்க்க முடியும்.

ஊருக்குள் ஓடுவதற்கு இடங்கள் உண்டு. தல்லாகுளம் பக்கம் இருப்பவர்களுக்கு எக்கோ பார்க், ரேஸ்கோர்ஸ் மைதானம். மேற்கே இருப்பவர்கள் கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்துக்குப் போகிறார்கள். திருப்பரங்குன்றத்துக்காரர்களுக்குக் கிரிவலப் பாதை. ஆனால், கூட்டம் அதிகம் சேருவது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில்தான்.

1645-ம் ஆண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் இது. மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் தெப்பக்குளமானது என்றும், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் ஊரில் சொல்வார்கள். நீளம் சுமார் 1,000 அடி, அகலம் சுமார் 950 அடி. கூட்டிப்பார்த்தால் ஒரு சுற்று கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். அரை மாரத்தான் பயிற்சி எடுப்பவர்கள் இங்கே 17, 18 சுற்று ஓடுகிறார்கள். நடுவே மைய மண்டபம், நான்கு பக்கமும் கல் சுவர், குளத்தில் தண்ணீர் இருந்தால் குளிர்ந்த காற்று. ஓடுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தச் சதுரத்துக்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சுவரை ஒட்டி ஓடுகிறவரைவிட ஐந்து மீட்டர் தள்ளி வெளியே ஓடுகிறவர் ஒவ்வொரு சுற்றுக்கும் 40 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். 17 சுற்று முடியும்போது வித்தியாசம் 680 மீட்டர். இருவரும் ஓடியது ஒரே 17 சுற்றுதான். வாட்ஸ்அப் குழுவில் இருவருக்கும் கிடைப்பது ஒரே கைதட்டல் எமோஜிதான்.

நான் பார்க்க வந்த குழுவிலும் பிரச்னை இதே மாதிரிதான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அறுபது பேர் இருக்கும். வங்கி அதிகாரி, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்ப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், நாலு மணிக்கே சமையலை முடித்துவிட்டு வரும் பெண்கள் என்று கலவையான கூட்டம். வருடம் ஒருமுறை கூடிச் சாப்பிட்டு, 'சிறந்த ஓட்டக்காரர்' கோப்பை கொடுப்பார்கள். மூன்று வருடமாக அந்தக் கோப்பை ஒரே இளைஞர் வீட்டுக்குத்தான் போகிறது. பத்து கிலோமீட்டரில் அவரை நெருங்க இங்கே ஆள் இல்லை.

கடைசி விழா முடிந்த இரவுதான் குழுவில் அந்தச் செய்தி வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு பெண். முதல் அரை மாரத்தானை 3 மணி 10 நிமிடத்தில் முடித்தவர், ஒன்றரை வருடத்தில் 2 மணி 38 நிமிடத்துக்கு வந்திருக்கிறார். 'எனக்குக் கோப்பை வேண்டாம். ஆனா, 32 நிமிஷம் குறைச்சதை மேடையில ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் 140 பதில்கள்.

"அந்தம்மா சொன்னதுல தப்பே இல்ல தம்பி. ஆனா, அடுத்து ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாய்ங்க பாருங்க... எனக்கு ஏன் இல்ல, அவருக்கு ஏன் இல்லன்னு" என்று சிரிக்கிறார் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் முன்னால் வந்து தண்ணீர் கேனையும் வாழைப்பழத்தையும் இறக்கி வைப்பவர் அவர்தான். அவருக்கும் இதுவரை எதுவும் கொடுத்ததில்லை. அதை அவர் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

தெப்பக்குளத்திலிருந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வண்டியை விட்டேன். டாக்டர் எம்.ஜி.ஆர் விளையாட்டரங்கம் என்பது பலகையில் இருக்கும் பெயர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டு "ரேஸ்கோர்ஸா?" என்பார். உள்ளே 400 மீட்டர் செயற்கை ஓடுதளம். எட்டாவது தடத்தில் நிற்பவர் முதல் தடத்துக்காரரைவிட ஏறத்தாழ 53 மீட்டர் முன்னாலிருந்து கிளம்புகிறார். தெரியாதவர் பார்த்தால் சலுகை என்றுதான் நினைப்பார். வெளித்தடம் நீளம் என்பதால் அந்த வித்தியாசத்தைத் தொடக்கக் கோட்டிலேயே கழித்துவிடுகிறார்கள். தெப்பக்குளத்தில் யாரும் கவனிக்காத அந்த 40 மீட்டருக்கு இங்கே வெள்ளை பெயின்ட்டில் பதில் எழுதியிருக்கிறது.

ஆனால், தடத்துக்கு வந்து சேருவதற்கு முன்னால் ஒருவர் கடந்துவந்த தூரத்தை எந்த பெயின்ட்டில் கோடு போடுவது?

இந்த மைதானத்தில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டால் ரேவதியின் நினைவு வராமல் இருக்காது. மதுரைக்குக் கிழக்கே இருக்கும் சக்கிமங்கலம்தான் ரேவதி வீரமணியின் ஊர். சின்ன வயதிலேயே அப்பாவும், அடுத்த சில மாதங்களில் அம்மாவும் இறந்துவிட, ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது பாட்டி. வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கூலிக்குப் போனவர். 'பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு' என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது முடியாது என்று பள்ளிக்கு அனுப்பியவர்.

பள்ளிப் போட்டி ஒன்றில் வெறுங்காலோடு ஓடிய ரேவதியைக் கவனித்தவர் பயிற்சியாளர் கண்ணன். பேத்தியை விளையாட்டுக்கு அனுப்பப் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் சேரவும் விடுதியில் தங்கவும் ஏற்பாடு செய்தார் கண்ணன். கல்லூரிப் போட்டிகளிலும் வெறுங்காலோடுதான் ஓடியிருக்கிறார் ரேவதி. ஷூ வாங்க வசதி இல்லை. 2019-ல் பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போனபோது, அங்கிருந்த பயிற்சியாளர் கலினா புகாரினாதான் அவரை 400 மீட்டருக்கு மாற்றினார்.

2021 ஜூலை 4-ம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கலப்புத் தொடர் ஓட்டத்துக்கான தேர்வு ஓட்டம். ரேவதி 53.55 விநாடிகளில் முதலிடம். அடுத்து வந்தவர் சுபா வெங்கடேசன், 54.26. மூன்றாவதாக வந்தவர் 54.27. நூறில் ஒரு விநாடி! மூவருமே தமிழ்நாட்டுப் பெண்கள், மூவருமே அணியில் இடம்பெற்றார்கள். ஜூலை 30-ம் தேதி டோக்கியோவில் முகமது அனஸ், ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ் நால்வரும் ஓடினார்கள். 3 நிமிடம் 19.93 விநாடி. தகுதிச் சுற்றிலேயே கடைசி இடம்.

முடிவுப் பட்டியலில் இந்தியாவுக்கு எதிரே இருப்பது அந்த எண் மட்டும்தான். சக்கிமங்கலத்துக்கு அதில் இடமில்லை. இருக்கவும் முடியாது. ஒலிம்பிக்ஸில் கடிகாரம்தான் பேச வேண்டும். அங்கே சோகக் கதைக்கு ஐந்து விநாடி கழித்தால் அது ரேவதிக்கே அவமானம். ஆனால், உள்ளூர்க் குழு ஒலிம்பிக்ஸ் இல்லையே. பக்கத்தில் ஓடுகிறவர் எங்கிருந்து வருகிறார் என்று பார்த்துத் தெரிந்துகொள்கிற தூரத்தில்தான் எல்லோரும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. ஒலிம்பிக்ஸ் தடகளத்தில் தகுதிச் சுற்றில் மட்டும் ஓடிவிட்டு இறுதிப் போட்டியில் வெளியே உட்கார்ந்திருக்கும் தொடர் ஓட்ட வீரருக்கும், அணி ஜெயித்தால் பதக்கம் உண்டு. கறாரான இடத்திலேயே இந்த ஈரம் இருக்கிறது. வாழைப்பழம் சுமக்கும் ஆசிரியர் ஏனோ நினைவுக்கு வந்தார்.

ரேஸ்கோர்ஸில் அன்று பார்த்த இளைஞர்களில் பாதிப் பேர் காவலர் தேர்வுக்காக ஓடுகிறவர்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இவர்களுக்குக் கோப்பை பற்றிப் பெரிய ஆர்வம் இல்லை. சான்றிதழ் பற்றி உண்டு. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும். ஞாயிற்றுக்கிழமைக் குழு அச்சடித்துக் கொடுக்கும் லேமினேஷன் அட்டை செல்லாது. நாற்பது வயதுக்காரருக்கு ஷோகேஸில் வைக்கும் பொருள், இருபது வயதுக்காரருக்குச் சோறு. பாராட்டு என்ற ஒரே வார்த்தையைப் போட்டு இரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன என்று எனக்குப் படுகிறது.

அந்த மூன்று வருடக் கோப்பைக்காரரும் இப்படித் தேர்வுக்கு ஓட ஆரம்பித்தவர்தான். சண்டை பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கியது. "நான் வேகமா ஓடுறது தப்பாண்ணே? எல்லாரும் என்னையவே பார்க்குறாய்ங்க. நானும் நாலு மணிக்கு எந்திரிச்சுதானே வர்றேன்."

தப்பே இல்லை. வேகத்துக்குக் கோப்பை இல்லாத ஓட்டக் குழு, காரம் இல்லாத மதுரைக் கறிதோசை மாதிரி.

மரியாதை விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்ற வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிக மாடு பிடித்தவருக்கு கார் பரிசு. அதே மேடையில் சிறந்த காளைக்கும் பெரிய பரிசு. பிடிபடாத காளையின் உரிமையாளரும் வெறுங்கையோடு போவதில்லை. பிடித்தவனுக்கும் பரிசு, பிடிபடாததற்கும் பரிசு என்று இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கணக்கில் வைத்துக் கொண்டாடும் விளையாட்டு வேறு எங்காவது இருக்கிறதா?

அங்கேயும் கணக்கு இடறும். 2021 அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் முதல் பரிசு பெற்றவர், வேறொருவரின் பனியன் எண்ணோடு இறங்கியதாகப் புகார் கிளம்பி, விவகாரம் நீதிமன்றம்வரை போனது. எத்தனை மாடு என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் களத்திலேயே இப்படி. அறுபது பேர் ஆளுக்கொரு கைக்கடிகாரத்தில் அளந்து குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடும் இடத்தில் என்ன ஆகும்?

இந்தத் தலைவலியை உலகம் முழுக்க ஓட்டக்காரர்கள் சந்தித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் என்ற சிற்றூரில் 1878-ம் ஆண்டிலிருந்து ஈஸ்டரை ஒட்டி ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. புல்தரையில் 120 மீட்டர். ஒவ்வொருவரின் திறமையையும் பார்த்து, வேகம் குறைந்தவர்களைச் சில மீட்டர் முன்னால் நிற்க வைப்பார்கள். முடிவுக் கோட்டை முதலில் தொட்டவருக்குப் பரிசு. யார் ஜெயிப்பார் என்று கடைசி வரை தெரியாது. அதுதான் சுவாரஸ்யம்.

லண்டனில் 2004 அக்டோபர் 2-ம் தேதி, பால் சின்டன்-ஹெவிட் என்பவர் புஷி பூங்காவில் 13 பேரோடு ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் நடக்கும் 'பார்க்ரன்' அதுதான். அங்கே பெரிய மரியாதை எண்ணிக்கைக்கு. 50 முறை, 100 முறை வந்தவர்களுக்கு என்று தனித்தனி டி-ஷர்ட். வழி காட்ட, நேரம் குறிக்க வரும் தன்னார்வலர்களுக்கும் அப்படியே உண்டு. 2024 பிப்ரவரியில் தங்கள் இணையதளத்தில் இருந்த வேக சாதனைப் பட்டியல்களை எடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களை அந்தப் பட்டியல் மிரட்டுகிறது என்பது அவர்கள் தரப்பு. வேகமாக ஓடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். நான் இதில் கொதித்தவர்கள் பக்கம். ஒருவரை மகிழ்விக்க இன்னொருவர் பெயரை ஏன் அழிக்க வேண்டும்?

நம் குழுவின் வங்கி அதிகாரி ஒரு எக்ஸெல் ஷீட்டோடு வந்தார். மூத்தோர் தடகளத்தில் பயன்படும் வயதுவாரிக் கணக்கு அது. உங்கள் வயதிலும் பாலினத்திலும் உலகத் தரமான நேரம் எவ்வளவோ, அதில் நீங்கள் எத்தனை சதவிகிதம் என்று பார்ப்பது. பத்து கிலோமீட்டரை 25 வயதுக்காரர் 42 நிமிடத்திலும் 60 வயதுக்காரர் 50 நிமிடத்திலும் ஓடினால், இருவருமே 60 சதவிகிதத்தைச் சற்றுத் தாண்டுவார்கள். பெரியவர் ஒரு படி முன்னால் இருப்பார்! ஷீட்டைப் பார்த்ததும் குழுவில் ஐம்பதைத் தாண்டிய எல்லோரும் ஒரே நேரத்தில் இளமையானார்களாம்.

சரி, வயதை எதை வைத்து முடிவு செய்வது? பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 2011-ல் டொரன்டோ மாரத்தானை முடித்தபோது அவருக்கு 100 வயது. பாஸ்போர்ட்டில் 1911 ஏப்ரல் 1 என்றிருந்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. நம் கிராமங்களில் 'தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம்' என்ற பாணியில் வயது சொன்ன தலைமுறையின் பேரன், பேத்திகளுக்கு, பள்ளியில் சேர்த்த நாளில் வாத்தியார் எழுதிய தேதிதான் பிறந்தநாள். இந்தக் குழுவிலேயே ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் ஏகப்பட்ட பேர். அது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

முன்னேற்றத்துக்குப் பரிசு என்று வைத்தால், முதல் ஓட்டத்தை வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிற ஆள் ஒருவர் வராமலா போவார்? புதியவர் 32 நிமிடம் குறைக்கலாம். பத்து வருடமாக ஓடுகிறவருக்கு 32 விநாடி குறைப்பதே பெரும்பாடு. மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணினால் நேரம் இருப்பவர்தான் ஜெயிப்பார். வருகைப் பதிவை வைத்தால்? ஜவுளிக்கடை அண்ணன் இதைத்தான் கேட்டார். "தீபாவளி, பொங்கல் சீசன்ல ராத்திரி பதினொண்ணு ஆகும் கடையைச் சாத்த. மறுநாள் ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு. அஞ்சு மணிக்கு வர முடியாது. அதுக்காக நான் ஓடலைன்னு அர்த்தமா?" அவர் ஓடுவது செவ்வாய், வியாழன். தனியாக. பார்ப்பதற்கு ஆளில்லை.

பெண்களின் கணக்கு இன்னும் சிக்கல். கோப்பை கேட்காத அந்தப் பெண் சொன்னது இது: "இருட்டுல தனியா ஓட முடியாது. விடிஞ்சதுக்கு அப்புறம் ஓடினா பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் போயிரும். எனக்குக் கிடைக்கிறது வாரத்துக்கு மூணு நாள், முக்கால் மணி நேரம். அதுலதான் 32 நிமிஷம் குறைச்சேன்." இதற்கு எந்த எக்ஸெல் ஷீட்டில் கட்டம் இருக்கிறது?

இரண்டு மாதம் இழுத்த பிறகு அவர்கள் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. எல்லாவற்றையும் ஒரே கோப்பைக்குள் அடைப்பதை விட்டுவிட்டார்கள். வேகத்துக்கு ஒன்று, ஆண், பெண் தனித்தனியாக. அது அப்படியே இருக்கும், யாரும் கை வைக்க முடியாது. வயதுவாரிச் சதவிகிதத்துக்கு ஒன்று. முந்தைய ஆண்டின் தன் சிறந்த நேரத்தைத் தாண்டியவர்கள் அத்தனை பேரின் பெயரும் நேரமும் மேடையில் வாசிக்கப்படும், பரிசு கிடையாது. நேரம் எடுப்பது ரேஸ்கோர்ஸ் தடத்தில், குறிப்பிட்ட இரண்டு நாள்களில். ஞாயிறு வர முடியாதவர்களுக்காக அதில் ஒன்று புதன்கிழமை. தண்ணீர் சுமப்பது, புதியவர்களோடு கூடவே ஓடுவது எல்லாம் ஒரு நோட்டில் எழுதப்படும். முக்கியமாக, இந்த விதிகள் தை மாதமே குழுவில் போடப்பட்டுவிட்டன. ஆட்டம் முடிந்த பிறகு விதி எழுதும் பழக்கத்தால்தான் வம்பே என்கிறார் ஆசிரியர்.

'பங்கேற்ற எல்லோருக்கும் மெடல்' என்ற யோசனை ஓட்டெடுப்பில் தோற்றது. நிம்மதி. வீட்டில் அந்த மெடல்களில் சாவி மாட்டித் தொங்கவிட்டிருப்பதாக மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பது அழகர்கோவில் சாலை. மதுரையிலிருந்து அழகர்கோவில் 21 கிலோமீட்டர், ஏறக்குறைய சரியாக ஓர் அரை மாரத்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கி வரும் வழி இது. அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி என்று வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் மரியாதை வாங்கிக்கொண்டுதான் அவர் வைகைக்கு வந்து சேருவார். ஓட்டக்காரர்கள் எதிர்த் திசையில் போகிறார்கள். இடது பக்கம் வயல், எதிரே மெல்லத் தெரியத் தொடங்கும் மலை, மாடு ஓட்டிப்போகிறவரின் "எங்கப்பா ஓடுறீக?" என்ற கேள்வி.

தண்ணீர் வைக்கும் இடங்கள் இந்த முறை மாறியிருக்கின்றன. ஆசிரியருக்கு முட்டி வலி என்பதால் அப்பன்திருப்பதி பொறுப்பை ஜவுளிக்கடை அண்ணன் கேட்டு வாங்கியிருக்கிறார், கடைக்குப் போவதற்கு முன் இரண்டு மணி நேரம். நோட்டில் அடுத்த ஞாயிற்றுக்கான பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க விரும்புகிறவர்களுக்குக் கூடவே ஓடி வேகம் பிடித்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்கு எதிரே அந்த மூன்று வருடக் கோப்பைக்காரரின் கையெழுத்து இருந்தது. அந்த வேகத்தில் ஓடுவதாகப் பெயர் கொடுத்திருப்பது இதுவரை ஒரே ஒருவர்தான். 2 மணி 38 நிமிடக்காரர்.

"அக்காவுக்கு ஆரம்பத்துல வேகமாப் போயிருவாங்க, கடைசி அஞ்சு கிலோமீட்டர்ல சிரமப்படுவாங்க. மூன்றுமாவடி தாண்டுற வரைக்கும் பிடிச்சு வைக்கணும்ணே" என்றார் அவர், ஷூ கயிற்றை இறுக்கியபடி.